114 வெள்ளிக் கணக்கு



போன வாரம் கோயில் அறிவிப்புப் பலகையில ஒட்டின கணக்குல ஒரு வரி இருந்துச்சு. "பழைய தொலைக்காட்சி விற்பனை, நிகர வரவு 114 வெள்ளி." அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி ஒட்டினதுல அதே டிவிக்கு 280 வெள்ளி வரவுன்னு போட்டிருந்தோம். ரெண்டையும் பார்த்த ஒருத்தர் நம்ம வாட்ஸ்அப் குழுவுல, "ஒரே டிவிய எத்தனை தடவப்பா விப்பீங்க?"ன்னு கேட்டு, பக்கத்துல சிரிக்கிற படமும் போட்டிருந்தார்.

நியாயமான கேள்விதான். ரெண்டு தடவை வித்தோம். ரெண்டு தடவையும் ஒரே ஆளுக்குத்தான் வித்தோம். எதுக்கு அப்படி ஆச்சுன்னு குழுவுல நாலு வரியில சொல்ல முடியாது. அதனால இங்க முழுசா எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

அன்னதானக் கூடத்துச் சுவத்துல மாட்டியிருந்த 40 அங்குல எல்இடி டிவியை உங்கள்ல பல பேர் பார்த்திருப்பீங்க. 2014-ல ஒரு அம்மா, காலமான தன் கணவர் நினைவா வாங்கிக் கொடுத்தது. படியேற முடியாத பெரியவங்க, கைக்குழந்தையோட வர்றவங்க, கூடத்துல உட்கார்ந்தபடியே அபிஷேகம் பார்க்கட்டும்னு கேமரா போட்டு அதுல இணைச்சிருந்தோம். போன வருஷம் நவராத்திரி மூணாம் நாள், தீபாராதனை நேரத்துல படம் போயிடுச்சு. மணியோசை கேக்குது, நாதஸ்வரம் கேக்குது, திரை மட்டும் கறுப்பு. மறுநாளே ஓர் உபயகாரர் 55 அங்குலத்துல புதுசு வாங்கித் தந்துட்டார். பழசு பின்கட்டு ஸ்டோருக்குப் போய், உடைஞ்ச பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குப் பின்னால தூசி குடிச்சுக்கிட்டு கிடந்துச்சு.

தைப்பூசம் முடிஞ்சு ஸ்டோரைச் சுத்தம் பண்ணின அன்னிக்கு, பழைய இரும்பு எடுக்கிறவர் லோரியோட வந்தார். டிவியை ஒரு திருப்புத் திருப்பிப் பார்த்துட்டு 10 வெள்ளின்னார். நான் "இது இருக்கட்டும்"னு சொல்லி நிறுத்தி வெச்சேன். ஷா ஆலம்ல ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில 22 வருஷம் பழுது பார்க்கிற பிரிவுல இருந்தவன் நான். சத்தம் வந்து படம் வராத டிவியைப் பத்து வெள்ளிக்குத் தூக்கிக் கொடுக்க மனசு வரல.

அன்னிக்குச் சாயங்காலமே மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். நம்ம தொண்டர் குழுவுல ஒரு தம்பி இருக்கான், எஸ்பிஎம் முடிச்சிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தான். அவனைக் கூடத்து விளக்கை அணைக்கச் சொல்லிட்டு, டார்ச்சைத் திரைக்குப் பக்கத்துல சாய்வாப் பிடிச்சேன். கறுப்புத் திரைக்குள்ள மங்கலா உருவம் தெரிஞ்சுது. கேமரா இணைப்பைக் கொடுத்ததும் கருவறை தெரிஞ்சுது, மாலை தெரிஞ்சுது, குருக்கள் கை அசையறதும் தெரிஞ்சுது. தம்பி, "அங்கிள், அம்மன் உள்ளதான் இருக்காங்க, கரண்டு கட்டு"ன்னான்.

அவன் விளையாட்டாச் சொன்னாலும் விஷயம் அதுதான். இந்த மாதிரி தட்டை டிவியில படம் போடுற கண்ணாடி தானா வெளிச்சம் தராது. அது வெறும் திரைச்சீலை மாதிரி, எங்க வெளிச்சத்தை விடணும், எங்க மறைக்கணும்னு மட்டும் பார்க்கும். வெளிச்சம் பின்னால இருந்து வரணும். ரொம்பப் பழைய எல்சிடியில அதுக்கு மெல்லிசான ஒளிக்குழாய் இருக்கும், அதுக்குள்ள கொஞ்சம் பாதரசமும் உண்டு. பிறகு வந்ததுல அந்த இடத்துல சின்னச் சின்ன எல்இடி பல்புகளை அலுமினியப் பட்டையில வரிசையா வெச்சாங்க. டார்ச் அடிச்சா உருவம் தெரியுதுன்னா கண்ணாடி நல்லா இருக்கு, மெயின் போர்டும் வேலை செய்யுது, பின் வெளிச்சம்தான் போச்சுன்னு அர்த்தம். திரையில கீறல் விட்டிருந்தா, மை ஊத்தின மாதிரி கறை இருந்தா, அதைத் தொடவே வேண்டாம். புதுக் கண்ணாடி விலையில புது டிவியே வந்துடும்.

சரி, சரி பண்ணலாம்னு தெரிஞ்சாச்சு. ஆனா டிவி என்னோடது இல்லை. "சிவன் சொத்து குல நாசம்"னு எங்க அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்தார். அம்மன் சொத்துக்கும் அதே சட்டம்தான். அதனால நிர்வாகக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன். பொருளாளர் மூணு நிபந்தனை போட்டார்: வாங்குற சாமானுக்கெல்லாம் ரசீது வேணும், வித்த காசு நேரா கோயில் கணக்குக்குப் போகணும், கொடுத்த குடும்பத்துக்கிட்ட சம்மதம் வாங்கணும்.

மூணாவதை நான் யோசிச்சிருக்கவே இல்லை. அந்த அம்மா இப்போ மகள் வீட்டுல இருக்காங்க. போய்ப் பார்த்தேன். டிவி கெட்டுப் போச்சுன்னே அவங்களுக்கு யாரும் சொல்லல. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "குப்பைக்குப் போறதுக்கு யார் வீட்டுலயாவது ஓடட்டும் தம்பி. கீழ அவர் பேர் போட்ட தகடு ஒண்ணு இருக்கும், அதை மட்டும் எடுத்து எங்கிட்ட குடுத்துடு"ன்னாங்க. விரல் நீளம் இருக்கும் அந்தத் தகடு. பசை இளகுறதுக்கு ஹேர் டிரையர்ல சூடு காட்டி, கீறல் படாம எடுத்துக் கொடுத்தேன். முந்தானையில துடைச்சு சாமி மாடத்துல வெச்சுக்கிட்டாங்க.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் முடிஞ்சதும் கூடத்து மேசை ரெண்டைச் சேர்த்துப் போட்டு, மேல போர்வை விரிச்சு, டிவியைக் கவுத்து வெச்சோம். வீட்டுல யாராவது இப்படிப் பிரிக்க நினைச்சா இதை மனசுல வெச்சுக்கோங்க. பிளக்கைப் பிடுங்கிட்டாலும் பவர் போர்டுல இருக்கிற பெரிய கெப்பாசிட்டர்ல 300, 400 வோல்ட் வரைக்கும் தங்கி நிக்கும். மீட்டர் வெச்சு அளந்து, இறங்கிடுச்சுன்னு தெரிஞ்ச பிறகுதான் கை வைக்கணும். கண்ணாடியைத் தூக்க ரெண்டு பேர் வேணும். அதன் ஓரத்துல ஒட்டியிருக்கிற மெல்லிசான இணைப்பு நாடா ஒண்ணு கிழிஞ்சாலும் கதை முடிஞ்சுது. உள்ள இருக்கிற வெள்ளைத் தாள்களை எந்த வரிசையில, எந்தப் பக்கமா எடுத்தோமோ அதே மாதிரி திருப்பி வைக்கணும். கையுறை போட்டுக்கணும். விரல் ரேகை பட்டா, டிவி ஓடும்போது அந்த ரேகையும் சேர்ந்து தெரியும்.

உள்ள 5 பட்டை, பட்டைக்கு 8 பல்பு, மொத்தம் 40. எல்லாம் ஒரே வரிசையில இணைச்சது. பூமாலை நூல் மாதிரின்னு வெச்சுக்கோங்க, ஒரு இடத்துல அறுந்தா மொத்தமும் போச்சு. சோதனைக் கருவியால ஒவ்வொண்ணாத் தொட்டுப் பார்த்தோம். 39 எரிஞ்சுது. மூணாவது பட்டையில ஒண்ணு மட்டும் நடுவுல கருகிப் போயிருந்துச்சு.

நான் தப்புப் பண்ணினது இங்கதான்.

தம்பி கேட்டான்: "அங்கிள், பட்டை எல்லாத்தையும் மாத்திடலாமே? ஆன்லைன்ல செட்டாக் கிடைக்குது." நான் வேண்டாம்னுட்டேன். ஒரு பல்புக்காக எதுக்கு முழு செட்டு? கோயில் காசை மிச்சம் பண்ணணும்னு சொன்னேன். அது பாதி உண்மை. மீதி பாதி என்னன்னா, கருகின ஒரு பல்பை மட்டும் எடுத்துப் புதுசு வைக்கிறது கைத்திறமை காட்டுற வேலை. பக்கத்துல நாலு பேர் நின்னு பார்த்துக்கிட்டு இருந்தாங்க. கோலாலம்பூர் ஜாலான் பாசார்ல 8 வெள்ளிக்கு ஒரு பாக்கெட் பல்பு வாங்கிட்டு வந்தேன். பழைய இஸ்திரிப் பெட்டியைத் தலைகீழா வெச்சு, அதுமேல பட்டையைச் சூடாக்கி, ஈயம் இளகினதும் பழசை எடுத்துட்டு, நேர் எதிர் பார்த்துப் புதுசை வெச்சேன். டிவி ஜம்முன்னு எரிஞ்சுது. கை தட்டினாங்க. எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.

280 வெள்ளின்னு விலை வெச்சு, கோயில் பலகையிலயும் வாட்ஸ்அப் குழுவுலயும் போட்டோம். மறுநாளே ஒரு தங்கச்சி வந்தாங்க. காலையில நாசி லெமாக் கடை போடுறவங்க. படுத்த படுக்கையா இருக்கிற மாமியார் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாம சுவத்தையே பார்த்துக்கிட்டு கிடக்கிறாங்களாம். "கோயில் டிவின்னா நம்பி வாங்கலாம்ல அண்ணே"ன்னு கேட்டாங்க. "தாராளமா வாங்குங்கம்மா"ன்னேன். பத்து வெள்ளித் தாளும் அஞ்சு வெள்ளித் தாளுமா எண்ணி வெச்சாங்க. ரசீது போட்டுக் கொடுத்தோம்.

வீட்டுல கொண்டு போய் மாட்டினா இன்னொரு கூத்து. எந்த சேனலும் வரல. கூடத்துல கேமராவோட மட்டும் ஓடினதால எங்க யாருக்கும் அது தோணவே இல்லை. 2019 அக்டோபரோட நம்ம நாட்டுல பழைய அனலாக் ஒளிபரப்பை முழுசா நிறுத்தியாச்சு. இப்போ வர்றது டிவிபி-டி2 முறையில. அதைப் பிடிக்கிற வசதி இந்த டிவியில இல்லை, தனியா ஒரு டிகோடர் பெட்டி வேணும். வீட்டுல சும்மா கிடந்த ஒண்ணை எடுத்துட்டுப் போய்ப் போட்டுக் கொடுத்தேன். தமிழ்ச் செய்தி வந்ததும் மாமியார் தலையைத் திருப்பிப் பார்த்தாங்க. நானும் மனசு குளிர்ந்து வந்துட்டேன்.

மூணு வாரம் கழிச்சு, ஒரு வெள்ளிக்கிழமை. அந்தத் தங்கச்சி அர்ச்சனைத் தட்டோட வரிசையில நின்னாங்க. "டிவி எப்படிம்மா ஓடுது?"ன்னு சாதாரணமாத்தான் கேட்டேன். கொஞ்சம் தயங்கினாங்க.

"அது ஒரு வாரமா எரியலண்ணே. சத்தம் மட்டும் வருது. பரவால்லண்ணே. கோயில் சாமான்தானே, குடுத்த காசு அம்மனுக்குக் குடுத்ததா நினைச்சுக்கிட்டேன்."

கடைக்காரன் வித்த டிவி ஒரு வாரம் எரியலன்னா அவங்க சும்மா விட்டிருப்பாங்களா? கடை வாசல்ல நின்னு சண்டை போட்டு வாங்கியிருப்பாங்க. என் வேலையில இருந்த குறையைக் கேக்க விடாம அவங்க வாயை அடைச்சது கோயில் பேரு. அவங்க காணிக்கை போட வரல. மாமியாருக்கு டிவி வாங்க வந்தாங்க. விடிகாலை மூணு மணிக்கு எழுந்து தேங்காய்ப்பால் பிழியிற கையால எண்ணிக் கொடுத்த காசு அது. தட்டைக் குருக்கள்கிட்ட நீட்டிக்கிட்டு நிக்கிறவங்க முகத்தை என்னால பார்க்க முடியல. அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல.

மறுநாள் காலையில என் கைக்காசு 280 வெள்ளியை எடுத்துக்கிட்டு கடைக்கே போனேன். வாங்க மாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சாங்க. "இது அம்மன் காசு இல்லம்மா, நான் பண்ணின வேலைக்குக் காசு. வேலை சரியில்ல, அதனால திருப்பித் தரேன்"னு சொல்லி மேசையில வெச்சுட்டு, டிவியைத் தூக்கிக் கார்ல போட்டுக்கிட்டு வந்தேன்.

திரும்பப் பிரிச்சா, நான் வெச்ச பல்பு நல்லா எரியுது. பக்கத்துப் பட்டையில வேற ஒண்ணு போயிருந்துச்சு. இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்லை. ஒரு நாளைக்கு 12 மணி நேரம்னு வெச்சாலும் வருஷத்துக்கு 4,380 மணி நேரம், பத்து வருஷத்துல 43,800. அதுவும் கூடத்து வெளிச்சத்துல பளிச்சுன்னு தெரியணும்னு பிரைட்னஸை உச்சத்துல வெச்சு ஓட்டியிருக்கோம். 40 பல்பும் ஒரே நாள்ல பொறந்து, ஒரே சூட்டுல வெந்தது. ஒண்ணு போனா மத்ததுக்கும் நாள் நெருங்கிடுச்சுன்னு தொழிற்சாலையில 22 வருஷம் இருந்தவனுக்குத் தெரிஞ்சிருக்கணும். 17 வயசுப் பையனுக்குத் தெரிஞ்சுது. அவன்கிட்ட, "நீ சொன்னதுதான் சரி தம்பி"ன்னேன். அவன் ஒண்ணும் சொல்லாம ஸ்குரூ டிரைவரை எடுத்தான்.

இந்த இடைவெளியிலதான் பேச்சு கிளம்பிச்சு. டிவியை நான் மறுபடி கார்ல ஏத்திட்டு வந்ததை யாரோ பார்த்திருக்காங்க. "கோயில் சாமானை வித்து வாங்கி வித்து வாங்கிக் காசு பார்க்கிறார்"னு ரெண்டு வாரம் ஓடிச்சு. என் மனைவி காதுக்கே வந்துச்சு. பதில் எழுதப் போனவனைத் தலைவர் தடுத்துட்டார். "கூட்டத்துல வெச்சுப் பேசு, ரசீதோட பேசு"ன்னார்.

கூட்டத்துல எல்லாத்தையும் சொன்னேன், என் தப்பையும் சேர்த்து. கோயில் கணக்குல ஏறின காசைத் திருப்பி எடுக்கலாமான்னு ஒருத்தர் கேட்டார். பொருளாளர், "காணிக்கைன்னா எடுக்கக் கூடாது. இது வியாபாரம். சாமான் கெட்டுச்சுன்னா காசு திரும்பணும்"னார். 280 வெள்ளிக்கு வவுச்சர் போட்டு எனக்குத் தந்தாங்க. அதுகூட ஒரு விதியும் போட்டாங்க. இனிமே கோயில்ல விக்கிற எந்த மின்சாதனத்துக்கும், என்ன பழுது, எதை மாத்தினோம்னு தாள்ல எழுதிக் கொடுக்கணும். ஆறு மாசத்துக்குள்ள அதே பழுது வந்தா காசு வாபஸ்.

அதுக்கப்புறம் 72 வெள்ளிக்கு முழு செட் பட்டை வாங்கினோம். வாங்கும்போது நீளம் மட்டும் பார்த்தாப் போதாது. டிவி மாடல் எண்ணும், பழைய பட்டையில அச்சடிச்சிருக்கிற எண்ணும் ஒத்துப் போகணும். பல்பு 3 வோல்ட்டா 6 வோல்ட்டான்னும் பார்க்கணும். பட்டை ஒட்டுற டேப் 6 வெள்ளி. எல்லாத்தையும் மாத்தி மூடினதும் செட்டிங்ல பின் வெளிச்சத்தைப் பாதியா இறக்கி வெச்சோம். வீட்டு அறைக்கு அது தாராளம், சூடும் குறையும், பல்பும் ரொம்ப நாள் வரும். பத்து நாள் கூடத்து மூலையில, காலையில நடை திறந்ததுல இருந்து ராத்திரி நடை சாத்துற வரைக்கும் ஓட விட்டேன்.

தங்கச்சிக்குச் சொல்லி அனுப்பினேன். 280 வெள்ளியோடயே வந்தாங்க. இந்த வயசு டிவிக்கு அந்த விலை அதிகம்னு குழுவுல பேசி 200-ஆக் குறைச்சிருந்தோம். மீதி 80-ஐ உண்டியல்ல போடப் போனாங்க. "அது உங்க இஷ்டம்மா. ஆனா டிவிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல"ன்னேன். யோசிச்சுட்டு 10 வெள்ளி போட்டாங்க, மீதியைப் பர்ஸ்ல வெச்சுக்கிட்டாங்க. எனக்கு அப்போதான் மூச்சு வந்துச்சு. பழுது எழுதின தாளைத் தம்பிதான் அவன் கையெழுத்துல எழுதினான்.

இப்போ கணக்கு. விற்பனை 200. செலவு: பல்பு 8, பட்டை 72, டேப் 6, ஆக 86. மிச்சம் 114 வெள்ளி. ரசீது நாலும் பொருளாளர்கிட்ட இருக்கு, யார் வேணும்னாலும் வாங்கிப் பார்க்கலாம். டிகோடர் பெட்டி என்னோடது, அதைக் கணக்குல சேர்க்கல.

பழைய டிவி வாங்கப் போறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. போனதும் அஞ்சு நிமிஷத்துல முடிவு பண்ணாதீங்க, அரை மணி நேரம் ஓட விட்டுப் பாருங்க. திரை முழுக்க வெள்ளையா ஒரு படம் போட்டுப் பாருங்க. அங்கங்க உருண்டையாப் பளிச்சுன்னு புள்ளி தெரிஞ்சா, உள்ள பல்பு மேல இருக்கிற சின்ன லென்ஸ் கழண்டு விழுந்திருக்கு. டி2 இருக்கான்னு கேளுங்க. என்ன பழுது பார்த்தீங்கன்னு கேளுங்க. ஒரு பல்புதான் மாத்தினேன்னு சொன்னா விலையைக் குறைச்சுக் கேளுங்க. விக்கிறவர் கோயில்காரரா இருந்தாலும் கேளுங்க.

சரி பண்ண முடியாத டிவியைத் தயவு செய்து ஆத்தங்கரையில, குப்பைத் தொட்டிப் பக்கத்துல வெச்சுட்டுப் போகாதீங்க. நம்ம நாட்டுச் சட்டத்துல மின்கழிவு எஸ்டபிள்யூ 110-ங்கிற வகையில வர்ற அட்டவணைக் கழிவு. உரிமம் உள்ளவங்ககிட்டத்தான் போய்ச் சேரணும். சேகரிப்பு மையத்துல கொண்டு போய்க் கொடுத்தா அவங்க பார்த்துக்குவாங்க.

ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் முடிஞ்சதும் நானும் தம்பியும் பின்கட்டு ஸ்டோர் பக்கம்தான் இருப்போம். சத்தம் வந்து படம் வராத டிவி இருந்தாக் கொண்டு வாங்க, டார்ச் அடிச்சுப் பார்த்துச் சொல்றோம். பார்க்கிறதுக்குக் காசு இல்லை.

குழுவுல கேள்வி கேட்ட அண்ணனுக்கு நன்றி. நீங்க கேக்கலன்னா இதை எழுதியிருக்க மாட்டேன். இன்னும் சந்தேகம் இருந்தா நேர்ல வாங்க, ஒரு தே தாரிக் குடிச்சுக்கிட்டே பேசலாம்.

அம்மன் துணை.